டிவியில் அடங்குகிற நாய்கள்: ஒரு சின்ன வரலாறு

எங்கள் வீட்டில் டைகர் என்று ஒரு நாட்டு நாய் இருந்தது. மூன்று வயசு வரை யாரையும் கடித்ததில்லை. திடீரென்று தலையைத் தடவப் போனால் உறும ஆரம்பித்தது. நேஷனல் ஜியோகிராஃபிக் சேனலில் சீசர் மில்லனின் 'டாக் விஸ்பரர்' நிகழ்ச்சியை நான் விடாமல் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. அவர் செய்கிற மாதிரியே நானும் செய்தேன். டைகர் உறுமும்போதெல்லாம் விரல்களைக் கொக்கி மாதிரி வளைத்துக் கழுத்தில் ஒரு குத்து, கூடவே 'ட்ஷ்ஷ்' என்று ஒரு சத்தம். இரண்டே வாரத்தில் உறுமல் நின்றுவிட்டது. ஆபீஸில் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

மூன்றாவது வாரம், மழையில் நனைந்து வந்த டைகரின் தலையை அம்மா துண்டால் துவட்டப் போனார். சத்தமே இல்லாமல் கடித்துவிட்டது. அம்மாவுக்கு ரேபிஸ் ஊசி முழுத் தவணையும் போட வேண்டியதாயிற்று. டைகரைப் பார்த்த கால்நடை மருத்துவர் காதுக்குள் லைட் அடித்தார். உள்ளே சீழ் பிடித்திருந்தது. "வலிக்குதுன்னு இத்தனை நாள் சொல்லிட்டுத்தானே இருந்திருக்கும்?" என்று கேட்டார்.

சொல்லிக்கொண்டுதான் இருந்தது. நான்தான் வாயை மூட வைத்தேன்.

டிவியில் காட்டுகிற பயிற்சி முறைகள் நிஜமாகவே கடிக்கிற நாயிடம் பலிக்குமா, அந்த முறைகள் எங்கிருந்து வந்தன என்று அதற்குப் பிறகுதான் தேட ஆரம்பித்தேன். தேடியதில் கிடைத்தது ஒரு நூறு வருஷக் கதை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஜெர்மன் போலீஸிலிருந்து டிஸ்னி வரை

நவீன நாய்ப் பயிற்சியின் கதையை கொன்ராட் மோஸ்ட் என்கிற ஜெர்மானியரிடமிருந்து தொடங்குவது வழக்கம். போலீஸ் அதிகாரி. சார்ப்ரூக்கன் நகரத்தில் போலீஸ் நாய்களைப் பழக்கியவர். 1910-ல் நாய்ப் பயிற்சி பற்றி அவர் எழுதிய புத்தகம் அடுத்த ஐம்பது வருஷத்துக்கு இந்தத் துறையின் அடித்தளமாக இருந்தது. புத்திசாலி மனிதர். பரிசு, தண்டனை, அவை கிடைக்கிற நேரம் இவையெல்லாம் நடத்தையை எப்படி மாற்றும் என்பதை அவர் விளக்கியிருக்கிறார். உளவியலாளர் ஸ்கின்னர் இதே விஷயத்தை ஆய்வுக்கூடத்தில் நிறுவிப் புத்தகம் போட்டது 1938-ல்தான்.

ஆனால் மோஸ்ட் இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னார். நாய்க்கும் மனிதனுக்கும் இடையில் யார் பெரியவர் என்கிற போட்டி உண்டு, அதில் மனிதன் உடல் பலத்தால் ஜெயித்தாக வேண்டும் என்பது அவர் கருத்து. போலீஸ், ராணுவச் சூழலில் இது யாருக்கும் விநோதமாகத் தோன்றவில்லை. அங்கே மனிதர்களையே அப்படித்தான் பழக்கினார்கள்.

அமெரிக்காவில் இந்த மரபைப் பொதுமக்களிடம் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் வில்லியம் கோலர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ராணுவத்துக்கு நாய்களைப் பழக்கியவர், பிறகு வால்ட் டிஸ்னி நிறுவனத்தின் விலங்குப் பயிற்சியாளர். 1962-ல் வந்த அவருடைய புத்தகம் லட்சக்கணக்கான வீடுகளில் இருந்தது. கடிக்க வருகிற நாய்க்கு அவர் சொன்ன வைத்தியம், கழுத்துப் பட்டையைப் பிடித்து முன்னங்கால்கள் தரையைத் தொடாதபடி தூக்கி நிறுத்துவது. எதிர்ப்பு அடங்குகிற வரைக்கும்.

படிக்கும்போது நமக்குக் கொடூரமாகத் தெரிகிறது. அவர் தரப்பு வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்த நாயைக் கொன்றுவிடுவார்கள், அதற்கு இது மேல் என்பது அவர் நிலை. இந்த 'இல்லாவிட்டால் சாவு' வாதம் பின்னால் டிவியிலும் வரும். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓநாய் எப்படி உள்ளே வந்தது?

மோஸ்ட், கோலர் காலத்து முறை பலத்தை நம்பியது. அந்தப் பலத்துக்கு அறிவியல் சாயம் பூசிக் கொடுத்தது ஓநாய் ஆராய்ச்சி.

1947-ல் ருடால்ஃப் ஷென்கல் என்பவர் சுவிட்சர்லாந்தின் பாசல் மிருகக்காட்சி சாலையில் இருந்த ஓநாய்களைப் பற்றி ஒரு ஆய்வு வெளியிட்டார். ஓநாய்க் கூட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி படிநிலை உண்டு, உச்சியில் இருக்கிற ஜோடி மற்றவற்றை ஓயாமல் அடக்கித் தன் இடத்தைக் காப்பாற்றிக்கொள்கிறது என்றார். 'ஆல்ஃபா' என்கிற சொல் பரவியது இந்த வழியாகத்தான். 1970-ல் அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக் எழுதிய 'தி வுல்ஃப்' என்ற புத்தகம் இந்தக் கருத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோனது.

இதில் ஒரு ஓட்டை. ஷென்கல் பார்த்தது சுமார் 10 மீட்டருக்கு 20 மீட்டர் அடைப்பில் சேர்த்து அடைக்கப்பட்டிருந்த ஓநாய்களை. தப்பிக்க வழியில்லாத இடத்தில் அடைத்துவைத்தால் சண்டை வரத்தான் செய்யும். ஒரு ஜெயிலைப் பார்த்துவிட்டு 'மனிதக் குடும்பம் இப்படித்தான் இயங்கும்' என்று எழுதினால் எப்படி இருக்குமோ, அப்படி.

இதைத் திருத்தியவர் டேவிட் மெக்கேதான். 1986-லிருந்து கனடாவின் வடகோடியில் உள்ள எல்ஸ்மியர் தீவில் கோடைக்குக் கோடை போய், காட்டு ஓநாய்களைப் பக்கத்திலிருந்தே பார்த்தார். 1999-ல் எழுதிய கட்டுரையில், இயற்கையான ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, அவர்களுடைய குட்டிகள், அவ்வளவுதான் என்றார். குட்டிகள் வளர்ந்ததும் வேறு துணை தேடிப் போய்விடுகின்றன. யாரும் யாரையும் தோற்கடித்து 'ஆல்ஃபா' ஆவதில்லை. பிள்ளை பெற்றதால் பெற்றோர் ஆகிறார்கள். தன்னுடைய பழைய புத்தகத்தை அச்சிடுவதை நிறுத்தச் சொல்லிப் பதிப்பாளரிடம் பல வருஷம் கேட்டுக்கொண்டிருந்தார். 2022-ல்தான் அது நின்றது. தன் புத்தகத்தைத் தானே நிறுத்தச் சொன்ன ஆய்வாளர் என்பதால் அவர்மேல் எனக்குத் தனி மரியாதை.

ஆனால் பழைய ஓநாய் அதற்குள் வீட்டுக்குள் வந்துவிட்டது. நியூயார்க் மாநிலத்தில் நியூ ஸ்கீட் என்றொரு கிறிஸ்தவ மடம். அங்குள்ள துறவிகள் ஜெர்மன் ஷெப்பர்ட் நாய்களை வளர்த்துப் பழக்குபவர்கள். 1978-ல் அவர்கள் வெளியிட்ட புத்தகம் நாயை மல்லாக்கப் புரட்டிப் பிடித்துக் கண்ணோடு கண் பார்க்கிற 'ஆல்ஃபா ரோல்' முறையைப் பிரபலமாக்கியது. தாய் ஓநாய் அப்படித்தான் செய்யும் என்று நம்பினார்கள். இவர்களும் பின்னால் மனம் மாறினார்கள். 2002-ல் வந்த திருத்திய பதிப்பில் அந்தப் பரிந்துரையை எடுத்துவிட்டார்கள்.

மெக் 1999-ல் திருத்திக்கொண்டார், துறவிகள் 2002-ல். டாக் விஸ்பரர் ஒளிபரப்பு தொடங்கியது 2004-ல். இந்த மூன்று வருஷங்களையும் வரிசையாக எழுதிப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் அதிர்ச்சியாகவே இருந்தது. எழுதியவர்களே வாபஸ் வாங்கிய கருத்துதான் என் வீட்டு டிவிக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

டிவிக்குத் தேவை வேகம்

நாய்ப் பயிற்சியாளர் டிவி நட்சத்திரம் ஆவது மில்லனோடு தொடங்கியது அல்ல. 1980-ல் பிபிசி 'ட்ரெய்னிங் டாக்ஸ் தி வுட்ஹவுஸ் வே' என்று ஒரு தொடர் ஒளிபரப்பியது. பார்பரா வுட்ஹவுஸ் என்கிற எழுபது வயசுப் பாட்டி, ஸ்கர்ட்டும் கண்டிப்பான குரலுமாக வந்து 'வாக்கீஸ்!' என்று கூவியதில் பிரிட்டன் முழுக்கப் பிரபலமாகிவிட்டார். கையில் சுருக்குச் சங்கிலி. ஒரு சுண்டு சுண்டினால் நாய் பக்கத்தில் வந்து நிற்கும். தப்பு நாய்மேல் இல்லை, வளர்க்கிறவர்மேல்தான் என்பது அவருடைய அடிப்படை வாதம். அதில் பாதி உண்மை உண்டு.

சீசர் மில்லனின் கதை இன்னும் சினிமாத்தனமானது. மெக்சிகோவின் குலியகான் நகரில் 1969-ல் பிறந்தவர். இருபத்தியோரு வயசில் காகிதம் எதுவும் இல்லாமல் அமெரிக்க எல்லையைத் தாண்டியவர். நாய் குளிப்பாட்டும் கடையில் வேலை பார்த்து, லாஸ் ஏஞ்சல்ஸில் சொந்தமாக ஒரு மையம் தொடங்கி, 2004-ல் டிவிக்கு வந்தார். நிகழ்ச்சி 2012 வரை ஓடியது. நிதானமும் உறுதியுமாக இரு, முதலில் உடற்பயிற்சி, பிறகு ஒழுங்கு, கடைசியில்தான் கொஞ்சல் என்பது அவர் சூத்திரம்.

நியாயமாகச் சொன்னால், அதில் நல்லதும் இருக்கிறது. அவரிடம் வந்த நாய்களில் பல, நாள் முழுக்க வீட்டுக்குள் அடைபட்டு, சக்தியைச் செலவழிக்க வழியில்லாமல் தவித்தவை. தினமும் நீண்ட நடை கூட்டிப்போனாலே அவற்றின் பாதிப் பிரச்சினை தீரும். வேறு பயிற்சியாளர்கள் கைவிட்ட பிட் புல்களைத் தன் மையத்தில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்.

பிரச்சினை நிஜமாகவே கடிக்கிற நாய் வரும்போதுதான். டிவிக்குத் தேவை ஒரு 'முன்', ஒரு 'பின்', நடுவில் இருபது நிமிஷம். நாய் குதிக்கிறது, பல்லைக் காட்டுகிறது. அவர் குத்துகிறார், சங்கிலியை இழுக்கிறார், தரையில் அழுத்துகிறார். நாய் அசையாமல் படுத்துவிடுகிறது. வீட்டுக்காரர் கண்ணீர் விடுகிறார். திரையில் 'நிபுணரைக் கேட்காமல் இதை நீங்களே முயற்சி செய்யாதீர்கள்' என்று எழுத்து வரும். அந்த எழுத்தை நானும் பார்த்தேன். யார் அதை மதித்தோம்?

நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தபோதே எதிர்ப்பும் வந்தது. 2006-ல் அமெரிக்கன் ஹ்யூமேன் அசோசியேஷன் என்கிற விலங்கு நல அமைப்பு நிகழ்ச்சியை நிறுத்தச் சொல்லி சேனலைக் கேட்டது. அமெரிக்காவின் விலங்கு நடத்தை கால்நடை மருத்துவர் சங்கம், 'ஆதிக்கம்' என்கிற கோட்பாட்டை வைத்து நாயின் நடத்தையைத் திருத்தப் போகாதீர்கள் என்று அறிக்கை வெளியிட்டது.

அசையாமல் படுத்தால் அடங்கிவிட்டதா?

கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். அசையாமல் படுத்திருக்கிற அந்த நாய்க்குள் என்ன நடக்கிறது?

நாய் எடுத்ததும் கடிப்பதில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளும், உதட்டை நக்கும், கொட்டாவி விடும், உடம்பு விறைக்கும், உறுமும், பல்லைக் காட்டும், காற்றைக் கடிக்கும். கடி கடைசிப் படி. அதற்கு முன்னால் உள்ளதெல்லாம் 'கொஞ்சம் தள்ளிப் போ' என்று கேட்பது. பெரும்பாலும் பயத்தில், சில சமயம் வலியில்.

உறுமலுக்குத் தண்டனை கொடுத்தால் உறுமல் நிற்கும். தண்டனை வேலை செய்யாது என்று சொல்வது தவறு, அது வேலை செய்கிறது. ஆனால் அது நிறுத்துவது உறுமலை மட்டும்தான், பயத்தை அல்ல. என் தொழில் பாஷையில் சொன்னால், சர்வரிலிருந்து எர்ரர் மெசேஜ் வருகிறது என்று லாகிங்கை ஆஃப் செய்துவிட்டு, 'பக் சரியாகிவிட்டது' என்று டிக்கெட்டை மூடுவது. திரை சுத்தமாக இருக்கும். சர்வர் விழுகிற நாளில்தான் தெரியும்.

பயம் இன்னும் கூடுகிறது என்பதுதான் மோசமான பகுதி. சாப்பாட்டுத் தட்டுப் பக்கம் மனிதன் வந்தால் ஆபத்து என்று ஒரு நாய் பயப்படுகிறது என்று வையுங்கள். மனிதன் வருகிறான், குத்து விழுகிறது. அது பயந்தது சரிதான் என்று நாமே நிரூபித்துவிடுகிறோம்.

தப்பிக்கவே வழியில்லை என்று ஆகும்போது விலங்கு முயற்சியையே கைவிடும். 1967-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் செலிக்மன், மேயர் இருவரும் நாய்களை வைத்தே இதைக் காட்டினார்கள். தடுக்க முடியாத மின் அதிர்ச்சிக்கு ஆளான நாய்கள், பின்னால் எளிதாகத் தாண்டிப் போகிற வழி இருந்தும் போகாமல் அப்படியே கிடந்தன. டிவியில் மல்லாக்கக் கிடக்கிற எல்லா நாயும் இதே நிலையில் இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 'அசையவில்லை' என்பதை 'அமைதியாகிவிட்டது' என்று படிக்க முடியாது என்பது நிச்சயம்.

இதே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கால்நடை நடத்தை மருத்துவப் பிரிவிலிருந்து 2009-ல் ஒரு ஆய்வு வந்தது. மெகன் ஹெரன் குழுவினர், நடத்தைப் பிரச்சினைக்காகத் தங்களிடம் வந்த நாய்களின் உரிமையாளர்கள் 140 பேரிடம், இதற்கு முன் வீட்டில் என்னென்ன முறைகளை முயன்றீர்கள், நாய் என்ன செய்தது என்று கேட்டார்கள். அடித்தவர்கள், உதைத்தவர்களில் 43 சதவீதம் பேருக்கு நாய் பதிலுக்குச் சீறியது அல்லது கடிக்க வந்தது. நாயைப் பார்த்துத் தாங்களும் உறுமியவர்களில் 41 சதவீதம். வாயில் இருந்ததைப் பலவந்தமாகப் பிடுங்கியவர்களில் 39. ஆல்ஃபா ரோல் செய்தவர்களில் 31. கண்ணைக் கண் பார்த்து முறைத்தவர்களில் 30. தீனி கொடுத்துப் பழக்குவது மாதிரியான மோதல் இல்லாத முறைகளில் இப்படி நடந்தது மிக அரிது.

இது உரிமையாளர்கள் நினைவிலிருந்து சொன்னது, கட்டுப்படுத்திய சோதனை அல்ல. ஏற்கெனவே பிரச்சினை உள்ள நாய்களைப் பற்றியது. ஆனால் நம் கேள்வியே அந்த நாய்களைப் பற்றித்தானே? சாதுவான நாய் எந்த முறையையும் பொறுத்துக்கொள்ளும். நிஜமாகவே கடிக்கக்கூடிய நாயிடம்தான் இந்த முறை மனிதன்மேல் திரும்புகிறது.

மில்லனுக்கே அது நடந்தது. 2012-ல் ஒளிபரப்பான ஒரு பகுதியில் ஹாலி என்கிற லாப்ரடார், சாப்பாட்டுத் தட்டைக் காத்துக்கொண்டு யாரையும் கிட்ட விடாது. அவர் கழுத்தில் தட்டுகிறார், மேலே மேலே நெருங்குகிறார். ஹாலி பல்லைக் காட்டுகிறது, பின்வாங்குகிறது, உதட்டை நக்குகிறது, படுக்கிறது. அடங்கிவிட்டது என்று நினைத்து முகத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோகிறார். ஒரே கவ்வு, கையில் ரத்தம். உலகத்திலேயே அதிக அனுபவம் உள்ளவர்களில் ஒருவருக்கே 'அடங்கிய' நாய் எது என்று தெரியவில்லை. ஆல்ஃபா என்று நினைத்துக்கொண்ட சாஃப்ட்வேர்க்காரனுக்கு எப்படித் தெரியும்?

நிஜமான ஆபத்தை எப்படி அளப்பது?

'ஆக்ரோஷமான நாய்' என்று டிவி ஒரே சொல்லால் சொல்வதைக் கால்நடை மருத்துவரும் பயிற்சியாளருமான இயன் டன்பர் ஆறு படிகளாகப் பிரித்தார். முதல் படியில் பல் உடம்பில் படாது. இரண்டில் பல் படும், தோல் கிழியாது. மூன்றில் ஒரே கடியில் ஆழமில்லாத சில துளைகள். நான்கில் ஆழமான துளை, நாய் கவ்விப் பிடித்து உதறியதன் அடையாளம். ஐந்தில் அப்படிப் பல கடிகள். ஆறில் உயிர் போகிறது.

குரைத்துக் குதித்துப் பல்லைக் காட்டுகிற நாய் திரையில் பயங்கரமாகத் தெரியும். ஆனால் அது பெரும்பாலும் முதல் இரண்டு படியில் நிற்கும், அதை மாற்றுவது சுலபம். நான்காம் படியைத் தொட்ட நாயைப் பற்றி டன்பர் நம்பிக்கையோடு பேசுவதில்லை. சத்தம் போடுகிற நாயை இருபது நிமிஷத்தில் அடக்கிக் காட்டுவது சாத்தியம்தான், ஏனென்றால் அது முதலிலேயே நிஜமான ஆபத்து இல்லை.

அப்படியென்றால் எதுதான் வேலை செய்யும்? முதலில் உடம்பில் வலி, நோய் இருக்கிறதா என்று பார்ப்பது. பிறகு வாய்க்கூடு, கேட், கயிறு என்று கடிக்க வாய்ப்பே தராமல் வைத்திருப்பது. பயப்படுகிற பொருளை நாய் பதறாத தூரத்தில் வைத்து, அது தெரியும்போதெல்லாம் பிடித்த தீனி கொடுத்து, வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தூரத்தைக் குறைப்பது. தேவைப்பட்டால் ஃப்ளூவாக்ஸெடின் மாதிரி மருந்து. இதை எடிட் பண்ணினால் எபிசோடே கிடைக்காது.

'இல்லாவிட்டால் சாவு' வாதத்துக்கு இப்போது வருகிறேன். 2007-ல் அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக்கேல் விக்கின் வர்ஜீனியா பண்ணையில், சண்டைக்காக வளர்க்கப்பட்ட ஏறக்குறைய ஐம்பது பிட் புல்களைக் கைப்பற்றினார்கள். இவற்றைக் கொல்வதுதான் ஒரே வழி என்று பெரிய விலங்கு நல அமைப்புகளே சொன்னன. நீதிமன்றம் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பரிசோதிக்கச் சொன்னது. ஆக்ரோஷம் காரணமாகக் கருணைக்கொலை செய்யப்பட்டது ஒரே ஒரு நாய். 22 நாய்கள் யூட்டா மாநிலத்தில் உள்ள பெஸ்ட் ஃப்ரெண்ட்ஸ் காப்பகத்துக்குப் போயின. அங்கே தெரிந்தது, பல நாய்களின் பிரச்சினை மூர்க்கம் அல்ல, பயம். யாரும் அவற்றை மல்லாக்கப் புரட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சில நாய்கள் தேற வருஷக்கணக்கில் ஆனது. சிலவற்றைக் கடைசிவரை வெளியே தர முடியவில்லை, காப்பகத்திலேயே இருந்தன.

அந்தக் காப்பகத்தைப் பற்றி 'டாக்டவுன்' என்று ஒரு தொடர் 2008-ல் வந்தது. ஒளிபரப்பியது அதே நேஷனல் ஜியோகிராஃபிக் சேனல். டாக் விஸ்பரர் ஓடிக்கொண்டிருந்த அதே காலத்தில். எது அதிகம் பேசப்பட்டது என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆக என் பதில் இதுதான். டிவி முறை நாயின் சத்தத்தை அடக்கும், சில சமயம் உடனே. கடிக்கிற காரணத்தைத் தொடாது. சத்தம் மட்டும் போடுகிற நாயிடம் அந்த வித்தியாசம் வெளியே தெரியாமல் போகலாம். நிஜமாகவே கடிக்கக்கூடிய நாயிடம், நமக்கு இருந்த ஒரே முன்னெச்சரிக்கையையும் நாமே பிடுங்கிவிடுகிறோம்.

காதுக்கு மருந்து போட்டு மூன்று வாரத்தில் டைகர் சரியானது. ஆனால் யாராவது கையைத் தூக்கினால் ஒதுங்குகிற பழக்கம் போக ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அம்மாதான் பொறுமையாக, தினம் ஒரு துண்டு பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, தூரத்தில் உட்கார்ந்து, அதுவாக வரட்டும் என்று காத்திருந்தார். ஒருநாள் சாயங்காலம் நான் தலையைத் தொடப் போனபோது டைகர் மெல்ல உறுமியது. கையை எடுத்துக்கொண்டேன். அந்த உறுமலைத் திரும்பக் கேட்டதில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்பதை அதனிடம் சொல்லத்தான் வழி தெரியவில்லை.